குப்பைப் பட்டியலில் ஒரு நட்சத்திரம்

ஆய்வகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். தொலைநோக்கி அனுப்பும் நட்சத்திர அளவுகளில் பிழையானவற்றைக் கழித்துக் குப்பைப் பட்டியலில் போடுவது அவள் வேலை. போட்டதை மறுபடி கிளறுவது அவளாக இழுத்துக்கொண்ட வேலை.

அப்படிக் கிளறியபோதுதான் அது கண்ணில் பட்டது. சூரியனைப் போன்ற சாதுவான நட்சத்திரம். ஆனால் ஏழு மாதத்துக்கு ஒருமுறை வட்டமடித்தது. எதைச் சுற்றி? அங்கே பொட்டு வெளிச்சம்கூட இல்லை. கணக்குப் போட்டாள். அதைப் பிடித்து இழுப்பது பதினோரு சூரியன்களின் எடை! அவ்வளவு கனத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்குமே. கருந்துளையாகத்தான் இருக்க வேண்டும். நேராகத் துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள்.

துறைத்தலைவர் முகத்தைச் சுளித்தார். “கருவிக் கோளாறும்மா. ஆறு வருஷம் முன்னாடி நானே கழிச்சுவிட்டது.”

“அப்ப ஆறு அளவுதான் சார் இருந்துச்சு. இப்ப நாற்பது இருக்கு.” அவள் விடவில்லை. “மூணு மாசம் முன்னாடி அந்த நட்சத்திரம் நம்மளைப் பார்த்து வந்துட்டிருந்துச்சு. என் கணக்கு சரின்னா, வர்ற செவ்வாய்க்கிழமை நொடிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்துல விலகிப் போகணும். ஒரே ஒரு தடவை அளந்து பார்த்திடலாம் சார்.”

“தப்பாப் போனா?”

“அப்புறம் இதைப் பத்தி மூச்சு விடமாட்டேன்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கோப்பைத் திறந்தாள். விலகல். ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது.

அவள் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டதோ என்று பக்கத்து அறைக்காரர் ஓடிவந்தார். தலைவர் எண்ணை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார்.

“வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் வராந்தாவுக்கு ஓடி அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அடியே, நிஜமாவே கருந்துளையைப் பார்த்துட்டியா?”

“அதைப் பார்க்க முடியாதுக்கா. பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் ஆடுற ஆட்டத்துல தெரிஞ்சிடுச்சு!”

“உங்க மாமா கதவைச் சாத்துற சத்தத்துலயே அவங்க அம்மா போன் பண்ணினது எனக்குத் தெரிஞ்சிடுமே, அந்த மாதிரியா?”

“அச்சு அசல் அதே மாதிரி!”

உள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது. “எங்கேம்மா போயிட்ட? கட்டுரை எழுதணும், உன் பேர்தான் முதல்ல!”

அக்கா மறுமுனையில் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருக்க, அவள் போனை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.