எம் என்று தொடங்கும் எண்

இடால்மிஸ் மூன்று வாரம் அலைந்து வாங்கிவந்த பிஸ்டன் வளையத்தை மெக்கானிக் லியோவிகில்தோ முதல் சிலிண்டருக்குள் இறக்கிப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே விலகி நின்று, "வா, நீயே பாரு" என்றான். இடால்மிஸ் குனிந்தாள். வளையத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு நாணயத்தைச் சொருகிவிடலாம் போலிருந்தது.

"சின்னதா இருக்கே."

"அரை மில்லி. உன் தம்பி சொன்ன எஞ்சினே இல்ல இது."

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த வளையங்களைக் கடலில் வீச வேண்டும் போலிருந்தது. அவற்றுக்காக ரெமேதியோஸில் இரண்டு பேரின் காலைப் பிடித்து, சகுவாவில் ஓய்வுபெற்ற ஒரு கிடங்குக்காரனுக்கு முழுப் பன்றித்தொடை ஒன்றைக் கொடுத்திருந்தாள். ரஷ்ய லாரி எஞ்சின், சர்க்கரை ஆலையில் தண்ணீர் இறைத்தது, என்று தம்பி அமௌரி அடித்துச் சொல்லியிருந்தான். இருபத்து நான்கு வருடமாக அதையேதான் சொல்கிறான். காய்பரியேனிலிருந்து சாந்தா கிளாராவுக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு அவள் ஓட்டும் ஐம்பத்தொன்றாம் வருடத்து செவ்ரோலே வாடகைக் காரில் அந்த எஞ்சினைப் பொருத்தியவனும் அவன்தான். கார் நின்றதிலிருந்து, வாரம் மூன்று முறை அதில் டயாலிசிஸுக்குப் போகும் ஓர்லிரியோ தினமும் வாசலில் வந்து நின்று, "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

"ரஷ்யாக்காரன் அமெரிக்காக்காரனப் பாத்துதான் வார்த்தான்" என்றான் லியோவிகில்தோ. "வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நம்பர் வேணும். இல்லாம நான் கை வைக்கமாட்டேன்."

எண் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை, கறுப்பு, மறுபடி பச்சை என்று பெயிண்ட் அப்பிக் கிடந்தது. இடால்மிஸ் ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டினாள். இரண்டு நகம் உடைந்தது. அவன் மறுபக்கம் தண்ணீர்ப் பாதையின் மூடிகளைத் தட்டிக் கழற்றினான். உள்ளே துருவோடு வெள்ளையாய் ஏதோ கெட்டித்திருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"உப்பு. இது கடல் குடிச்ச எஞ்சின்மா."

அதே சமயம் அவள் கையடியில் முதல் எழுத்து தெரிந்தது. எம். பிறகு எண்கள்.

"எம்னா படகு எஞ்சின். அமெரிக்காவோடது" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிகளைத் துடைக்கத் தொடங்கினான்.

அமௌரி வீட்டுப் பின்கட்டில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"எஞ்சினை எங்க வாங்கின?"

"எத்தன தடவைக்கா சொல்றது? ஆலையில. பம்ப்ல இருந்துச்சு."

"ஆலையில கடல் தண்ணியையா இறைச்சாங்க?"

கத்தி நின்றது.

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில், படகேறி அமெரிக்காவுக்குத் தப்பிப் போக ஊரே கடலைப் பார்த்து நின்றது. அமௌரியும் அவன் மனைவி நெரெய்தாவும் அதற்கு முன்பே ஆறு மாதம் ஒளித்து ஒளித்து ஒரு படகு கட்டியிருந்தார்கள். தன் அம்மாவின் தையல் மெஷினை விற்றுத்தான் நெரெய்தா எஞ்சின் வாங்கினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் எஞ்சின் திருட்டுப்போனது. வேறொருவர் படகில் ஒரே ஓர் இடம் இருந்தது. "நீ போ, பின்னாலேயே வரேன்" என்று அமௌரி அவளை ஏற்றிவிட்டான். எஞ்சினை எடுத்தவன் கை அழுகிப்போகட்டும் என்று தெருவில் நின்று சபித்தவள் இடால்மிஸ்தான். மறு வருடம் அவளுக்கு அமௌரி ஓர் எஞ்சின் கொண்டுவந்தான். அதை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள்.

"பயந்துட்டேன்க்கா" என்றான் அமௌரி. "அவகிட்ட பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் பயமா இருந்துச்சு. நானே எஞ்சினை வண்டியில ஏத்திட்டுப் போய்ப் புதைச்சேன்."

"ஒம்போது வருஷம் உனக்காகக் காத்திருந்தாடா அவ."

"தெரியும்."

"தெரியுமாம்! தெரிஞ்சுமா மூணு வாரம் என்னை நாயா அலையவிட்ட?"

அவளால் அவனைத் திட்டித் தீர்க்கக்கூட முடியவில்லை. அமெரிக்க எஞ்சின் என்றால் வளையம் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். அங்கே அவளுக்கு இருப்பது ஒரே ஓர் ஆள். நெரெய்தா தாம்பா நகரில் மறுமணம் செய்து பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டாள்; இன்றும் நாத்தனாருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை அனுப்புகிறாள். நெரெய்தாவின் பக்கத்து வீட்டுக்காரி சனிக்கிழமை இங்கே வர விமானம் ஏறுகிறாள்; வளையத்தை அவளிடம் கொடுத்தனுப்பலாம். சரியான எண்ணைச் சொன்னால், தான் வாங்கிய எஞ்சினை நெரெய்தா கண்டுகொள்வாள்; வேறு எண்ணைச் சொன்னால் வேறு வளையம்தான் வரும். இடால்மிஸ் இரண்டு நாள் யோசித்தும் மூன்றாவது வழி எதுவும் தென்படவில்லை.

வளையம் வேண்டும் என்று முதலில் செய்தி அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை காலை பட்டறையிலிருந்தே நெரெய்தாவை வீடியோவில் அழைத்தாள். அமௌரியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"அண்ணி, கடைக்காரன் நம்பரோட எஞ்சினையும் பாக்கணுங்கிறான்" என்றாள் நெரெய்தா, செல்போன் திரையில் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. "காட்டுங்க."

இடால்மிஸ் செல்போனைத் திருப்பினாள். எண்ணைப் படித்தாள். மறுமுனையில் எழுதும் சத்தம் பாதியில் நின்றது.

"கொஞ்சம் இடது பக்கம் கொண்டு போங்க. கீழ." நெரெய்தாவின் குரல் தணிந்திருந்தது. "அங்க கோணலா ஒரு வெல்டிங் இருக்கா?"

இருந்தது.

"எங்க மாமா வச்சது."

லியோவிகில்தோ ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

"அமௌரி அங்க இருக்கானா, அண்ணி?"

இடால்மிஸ் செல்போனை அவன் பக்கம் நீட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து சிக்னல் இழுத்தது. திரையில் நெரெய்தா அசையாமல் நின்றாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி. இணைப்பு போய்விட்டதா, அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளா, தெரியவில்லை. அமௌரி அந்த அசையாத முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.