நாலு மணிக் காற்று

படகு விற்க வருகிறவன் எவனும் காலை எட்டு மணிக்குத்தான் வருவான். அந்த நேரத்தில் ஏரி எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை மாதிரி கிடக்கும். சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்துப் போட்டு எஞ்சின் மாட்டினால்கூட அந்தத் தண்ணீரில் பறக்கும்.

இது பாதிவழி என்கிறவருக்குப் போன வருஷம்தான் உறைத்தது. அவர் படகுத்துறைச் சங்கத்தின் மீட்புப் படகை ஓட்டுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. போன வருஷத்துக்குப் பிறகு இந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம் நேரம் தப்பிப் புறப்பட்ட சரக்குப் படகு ஒன்று கவிழ்ந்து மூன்று பேர் தண்ணீரில் விழுந்தார்கள். இவர் மீட்புப் படகை எடுத்துக்கொண்டு ஓடினார். ஏரியில் ஆழம் காட்ட நட்ட சிவப்புக் கம்பம் ஒன்று உண்டு. அதுவரைக்கும் குன்று காற்றை மறைக்கும். அதைத் தாண்டினால் காற்று நெஞ்சில் அடிக்கும். ஏரி அலைக்குக் கடல் அலை மாதிரி நிதானம் கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அந்த இடத்தில் படகு மூக்கைத் தூக்கித் தூக்கி அடித்தது, எஞ்சின் தண்ணீரை விட்டு மேலே வந்து வெறும் காற்றில் அலறியது. கவிழ்ந்துவிடும் என்று நினைத்தவர் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரை எதிர்க்கரைக்காரர்கள் தூக்கினார்கள். மூன்றாவது ஆள், படகுத்துறை வெல்டர், மறுநாள் பிணமாகத்தான் கிடைத்தான்.

அந்தப் படகைத் தேர்ந்தெடுத்ததும் பாதிவழியேதான். அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒரு காலை எட்டு மணிக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குதிரை மாதிரி போகிறது, வாங்கிவிடலாம் என்று சொன்ன வாய் அவருடைய வாய். துறைக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். காற்று நாலு மணிக்கு வரும். ஆகவே காற்றில் எந்தப் படகு எப்படிப் போகும் என்று அங்கே ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் ஒருத்தனுக்கும் வாய் வராது.

இப்போது புதுப் படகு வாங்கும் வேலை வந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூன்று பேர்: சங்கச் செயலாளர், ஓட்டப்போகிற பாதிவழி, சங்கத்துப் பொருளாளர். பொருளாளர் என்பது வெல்டரின் மனைவி. டிக்கெட் கொடுக்கிற அறையில் உட்காருகிறவள். ஒரு வருஷமாக இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீசல் சீட்டைக்கூட முகம் பார்க்காமல் ஜன்னல் வழியாகத் தள்ளுவாள்.

விற்பனைக்காரன் கறுப்புக் கண்ணாடியும் வாசனையுமாக எட்டு மணிக்கு வந்து நின்றான். வண்டி மேல் இரண்டு படகுகள். ஒன்று சிவப்பு, முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. இன்னொன்று சாம்பல் நிறம், இரண்டு முழம் நீளம் அதிகம், பார்க்க எருமை மாதிரி. சிவப்பை அழகாகக் காட்டத்தான் சாம்பலைக் கூட்டி வந்திருக்கிறான் என்று பாதிவழிக்குப் பார்த்ததுமே பட்டது. பெண் பார்க்கப் போகும்போது கூட ஒரு அவலட்சணத்தை அழைத்துப் போகிற தந்திரம்தான்.

செயலாளர் சிவப்பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். பாதிவழி மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"பெரியவரே, கீழ என்ன தேடுறீங்க? விலைச்சீட்டு மேலதான் ஒட்டியிருக்கு."

"மேல இருக்கறத நீங்களே காட்டிடுவீங்க தம்பி. கீழ இருக்கறத நான்தான பாத்துக்கணும்."

சிவப்பின் அடி முன்பக்கம் கூராக ஆரம்பித்துப் பின்பக்கம் வரும்போது தாம்பாளமாகப் படுத்துவிட்டது. பழைய படகும் அதே ஜாதி. அலையை வெட்டாது, அலை மேல் ஏறி விழும். சாம்பலுக்கு மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஆப்பு மாதிரிக் கூரான அடி. இவர் தவழ்ந்து வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, இரண்டையும் நாலு மணிக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். டாங்கு நிறைய எண்ணெய், பத்து மணல் மூட்டை, அதோடு ஆள். மீட்கப் போகிற படகு திரும்பி வரும்போது காலியாகவா வரும்?

விற்பனைக்காரனுக்கு மூன்று மணிக்கே வேறு ஊரில் வேலை முளைத்தது. இந்தப் படகின் வேகத்தைப் பார்க்க மணல் எதற்கு என்று சிரித்தான். செயலாளர் பாதிவழியின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிப் போனார்.

"நாலு மணிக்குப் போயி நீ மறுபடி பாதியில திரும்பி வருவ. அதை வெளியூர்க்காரன் முன்னாடி நாங்க வேடிக்கை பாக்கணுமா?"

ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பது பாதிவழி நின்ற நிலையிலேயே தெரிந்தது. டிக்கெட் அறை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பொருளாளரின் குரல் வந்தது.

"நாலு மணிக்கே ஆகட்டும். நானும் ஏறுறேன்."

மணல் மூட்டைகளை இவரே ஒவ்வொன்றாகத் தூக்கினார். இடுப்பு கெஞ்சியது, விடவில்லை. நாலு மணிக்குக் காற்று சொன்ன சொல் தவறாமல் வந்தது.

முதலில் சிவப்பு. கூட வந்த கம்பெனி டிரைவரே ஓட்டினான், மூன்று மணி வேலையை மறந்துவிட்டு விற்பனைக்காரனும் ஏறினான். குன்றின் மறைவில் அம்பு மாதிரிப் போன படகு, கம்பத்தைத் தாண்டியதும் தவளையாகிவிட்டது. மூன்று குதி குதித்தது. நாலாவதில் டிரைவர் வேகத்தைக் குறைத்துத் திருப்பிவிட்டான். கரைக்கு வந்தபோது விற்பனைக்காரனின் கறுப்புக் கண்ணாடி ஏரிக்குப் போயிருந்தது, வாசனையும் போயிருந்தது. இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம் என்றான். குறைச்சல் என்றார் பாதிவழி.

அப்புறம் சாம்பல். இவர் ஓட்ட, பக்கத்தில் வெல்டரின் மனைவி லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழும்பி ஓட அது நேரம் எடுத்துக்கொண்டது. சிவப்பின் வேகம் அதற்கு இல்லை. கம்பம் நெருங்கியது. எஞ்சினைச் சற்று உள்ளே மடக்கி மூக்கைத் தாழ்த்தினார். முதல் அலை வந்தது. படகு அதை ரொட்டியை அறுக்கிற மாதிரி அறுத்துப் போட்டுவிட்டுப் போனது. இரண்டாவதையும் அப்படியே. பற்கள் கிட்டவில்லை, முதுகில் அடி இறங்கவில்லை, எஞ்சின் ஒரு தடவைகூடத் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.

மூன்றாவது அலைக்கு அவருடைய கை வேகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிட்டது.

படகு பொத்தென்று உட்கார்ந்து ஆட ஆரம்பித்தது. அலைகள் பக்கவாட்டில் மோதின. இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் குறைச்சீங்க?" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

படகு மேல் பழியைப் போட்டிருக்கலாம். காற்று மேல் போட்டிருக்கலாம். இதுவரைக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"படகு நல்லாத்தாம்மா போகுது. கை தானா வந்துடுச்சு."

"அன்னிக்கு?"

"அன்னிக்குப் படகும் சரியில்ல. கையும் சரியில்ல. எது முதல்லன்னு கேட்டா எனக்கே தெரியல."

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. கவிழ்ந்த இடம் இருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இப்போது எழுந்து அறைந்தாலும் வாங்கிக்கொள்ள இவர் தயாராகத்தான் இருந்தார்.

"கம்பத்துக்குப் பின்னால திருப்புங்கண்ணே. மறுபடி வாங்க."

திருப்பினார். இரண்டாவது தடவை ஐந்து அலை தாங்கியது கை, ஆறாவதில் இழுத்தது. அவள் கம்பத்தை நோக்கி விரலை நீட்டினாள். மூன்றாவது தடவை இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையைப் பக்கவாட்டுச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, கண்ணைப் படகின் மூக்கிலிருந்து எடுத்து எதிர்க்கரையில் நட்டார். அலைகளை எண்ணுவதை விட்டார். கவிழ்ந்த இடம் வந்தது, போனது. எதிர்க்கரையின் கல்படி அருகே படகு மணலை உரசி நின்றபோதுதான் கை கைப்பிடியை விட்டது. விரல்களை இன்னொரு கையால் பிரிக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு தூரந்தானா," என்றாள் அவள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை.

திரும்பி வந்ததும், சொட்டச் சொட்ட நின்றபடியே அவள் சாம்பல் படகுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். பாதிவழியும் போட்டார். செயலாளர் சிவப்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நாளைக்கு நாலு மணிக்கு நீங்களே அதில் ஏறிக் கம்பத்தைத் தாண்டிவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுங்கள் என்றாள். செயலாளரும் கையெழுத்துப் போட்டார்.

"பாதிவழி, மூட்டைங்கள எறக்கிடலாமா?" என்று கரையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

இவர் பழக்கப்படி திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"இருக்கட்டும். அண்ணன் நாளைக்கும் நாலு மணிக்குப் போகணும்."