கத்தரினா கழுவிய கால்

கத்தரினா தொண்ணூற்றிரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து நோர்வேயில் புருசெத் மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடிக்கும்போது, பேத்தி மார்த்தா எழுந்து, "பாட்டியைப் பற்றி ஆராவது சொல்லுங்கோ" என்றாள். ஒன்பது வருடம் கத்தரினாவைப் பராமரிக்க வீட்டுக்குப் போய்வந்த விமலாதேவியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"கால் கதையை மட்டும் எடுத்துப்போடாதை," என்று கணவர் இரவீந்திரன் காதுக்குள் சொன்னார். "வயசுபோன மனிசியைத் தன்ரை காலைக் கழுவ விட்டவள் எண்டு சனம் சிரிக்கும்."

அவளுக்கும் அந்தப் பயம்தான். ஆனால் வேறென்னத்தைச் சொல்ல? எழுந்து சொன்னாள்.

கத்தரினா கனடாவில் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையில் வளர்ந்து, நோர்வேக்காரரைக் கட்டி வந்தவர். கை நடுங்கும்வரை அகதிச் சனத்துக்குப் போர்வை தைத்து அனுப்பியவர். போன பெரிய வியாழனன்று விமலாதேவி வழக்கம்போல அவர் கால்களைக் கழுவித் துடைத்தாள். "இனி நீ இரு" என்று அவர் தரையில் முழங்காலிட்டார்.

"ஐயோ, பெரியவை என்ரை காலைத் தொடக்கூடாது, பாவம்!" என்று இவள் காலை இழுத்தாள். அவர் விடவில்லை. கழுவி, துவாயால் துடைத்த பிறகுதான் இவளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

மார்த்தா மூக்கைத் துடைத்தாள். "அவையின்ரை சபையிலை பெரிய வியாழனுக்கு, யேசு சீடரின்ரை காலைக் கழுவின நினைவா, ஆளுக்காள் கால் கழுவுறது. இஞ்சை வந்த நாள் துவங்கிப் பாட்டிக்கு அதுக்கு ஒரு துணை கிடைக்கேல்லை. போன ஈஸ்டருக்கு எனக்கு ரெலிபோன் எடுத்து, 'இந்த வருசம் செய்தாச்சு' எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சவ. ஆரோடை எண்டு சொல்லவேயில்லை."

இரவீந்திரன் மனைவிக்குக் கதிரையை இழுத்துவிட்டார்.