அம்மாவுக்கென்று கொடுத்த அரிசி

மூதூரிலிருந்து வந்த லோஞ்ச் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கிறிஸ்டினுக்குப் பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னர் இதே இறங்குதுறையில் இராஜநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, வெருகலுக்கு வாழப் போனவள் அவள். வேதக்காரப் பெட்டை சைவக்காரனோடு போய்விட்டாள் என்று ஊர் கதைத்தது. அதன்பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

வரவேண்டாம் என்று தடுத்தவன் அண்ணன் இக்னேசியஸ். அறுவடை முடிந்த கையோடு வருஷா வருஷம் வெருகலுக்கு வருவான். "அம்மாவுக்கு இன்னும் உன்னிலை கோபம் ஆறேல்லை. பேரைச் சொன்னாலே எழும்பிப் போயிடுறா. பொறு, நான் கதைச்சுச் சரிப்படுத்திறன்" என்பான். அவள் அம்மாவுக்கென்று அரிசியும் தேனும் கட்டிக் கொடுத்தனுப்புவாள். போன வருஷம் வந்தவன், "உன்ர அரிசி நல்ல ருசியெண்டு அம்மா சொன்னவ" என்றான். அந்த ஒரு வசனம் அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமாயிருந்தது.

இந்த முறை அறுவடை முடிந்து எவ்வளவோ நாளாகியும் அவன் வரவில்லை. அம்மாவுக்குச் சுகமில்லையோ என்று அவள் தவித்ததைப் பார்த்து இராஜநாயகம்தான், "கோபமெண்டாலும் பெத்த தாய். ஒருக்காப் போய்ப் பார்த்துக்கொண்டு வா" என்று அனுப்பிவைத்தான்.

நேரே வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. சந்தைக்குள் நுழைந்தாள். முகப்பில் புதிதாகச் சீமெந்துக் கடைகள் எழும்பியிருந்தன. ரேடியோ அலறியது. மரக்கறிக் கழிவுகளை, ஊருக்குள் பயமின்றித் திரியும் மான்கள் வழக்கம்போல மேய்ந்துகொண்டு நின்றன. சீத்தைத் துணிகளைத் தொட்டுப் பார்த்தாள்; தொதல் இனிப்பின் விலை கேட்டாள். பயம் மெல்ல விலகி, வந்தது நல்லதுதான் என்று தோன்றியது. அம்மாவுக்கு நெத்தலிக் கருவாடென்றால் உயிர். அதை வாங்கிக்கொண்டு போனால் முதல் வார்த்தை பேச ஒரு சாட்டு இருக்கும்.

கருவாட்டுக் கடையில் அதே அலியார்தான் இருந்தார். தாடி நரைத்திருந்தது.

"காக்கா, என்னைத் தெரியேல்லையா? மாகிரட்டம்மாவின்ர மகள். கிறிஸ்டின்."

தராசைத் தூக்கிய அலியாரின் கை அப்படியே நின்றது. "அல்லாவே! நீ அந்தப் பெரிய புயலுக்குள்ள மவுத்தாப் போயிட்டா எண்டுதானே உன்ட கொண்ணன் சொன்னவன்!"

"என்ன காக்கா சொல்றீங்கள்? நான் செத்துப்போனனெண்டோ?"

"ஊருக்கே சொன்னான் புள்ள. வெருகலுக்குப் போய்த் தேடிப் பார்த்தானாம், மையத்தும் கிடைக்கல்லையாம். கொம்மா உனக்கு மாதா கோயில்ல பூசையும் குடுத்தவ. கடைசிமட்டும் கறுப்புச் சீலையோடதான் இந்தச் சந்தைக்கு வந்தவ."

"கடைசியெண்டால்?"

அலியார் தராசைக் கீழே வைத்தார். "அவ மவுத்தாகி ரெண்டு வருஷமாகுதே. உனக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?"

போன வருஷம் அம்மா அரிசியை மெச்சினாள் என்றானே! கிறிஸ்டின் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அலியார் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. "அண்ணன் எங்கை?" என்று மட்டும் கேட்டாள்.

சந்தையின் பின்வரிசையில் இக்னேசியஸுக்குச் சொந்தமாக ஒரு பாத்திரக் கடை இருந்தது. அவளைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினான். முகம் வெளிறிவிட்டது.

"அம்மாவுக்கு என்னிலை உண்மையிலேயே கோபமோ?" என்று கேட்டாள்.

"உள்ளுக்கு வா. சனம் பார்க்குது."

"கோபமோ?"

"முதல் ரெண்டொரு வருஷம்தான்" என்றான் தரையைப் பார்த்தபடி. "புயலடிச்ச உடனே உன்னைப் பார்க்கவேணுமெண்டு லோஞ்சடிக்கு வெளிக்கிட்டிட்டா. நான்தான் மறிச்சு, போய்ப் பார்த்திட்டு வாறனெண்டு வந்தனான். வீடு பொம்பிளைப் பிள்ளைக்கெண்டு உனக்கு எழுதவும் நிண்டவ. நீ விட்டிட்டுப் போனனி. பக்கத்திலை கிடந்து பார்த்தவன் நான். நான் எங்கை போறது, சொல்லு?"

புயலுக்குப் பிறகு அவன் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. கூரை பறந்த வீட்டில் அவனுக்கு அவள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுப் போய்த்தான் அவள் செத்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

"வீட்டைத் தா எண்டு நீ ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறந்ததிலிருந்து அவனை நீங்கள் என்றே அழைத்தவள். "கேட்டிருந்தால் தந்திருப்பன். நீ அம்மாவையெல்லோ எடுத்துப் போட்டாய்."

திரும்பி விறுவிறென்று நடந்தாள். சந்தை வாசலுக்கு வந்தபிறகுதான், அம்மா எங்கே கிடக்கிறாள் என்பது தனக்குத் தெரியாது என்று உறைத்தது. அதைவிட அவமானம் வேறில்லை. மறுபடி அவனிடமே போனாள்.

"அம்மாவை எங்கை வைச்சிருக்கு?"

அவன் கடையைப் பூட்டிவிட்டு முன்னே நடந்தான். அவள் பின்னால் போனாள். கருவாட்டுக் கடையிலிருந்து கதை அதற்குள் பரவியிருந்தது. வியாபாரிகள் எழும்பி நின்று பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முகத்தையும் நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவன் தலை நிமிரவில்லை.

சேமக்காலையின் மதிலோரமாக ஒரு சின்னச் சிலுவை. "இதுதான்" என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ போ" என்றாள். "இனி வெருகல் பக்கம் வராதை."

அவன் படலையைத் தாண்டி மறையும்வரை நின்றாள். பிறகு மணலில் இருந்துகொண்டு சிலுவையைப் பிடித்தாள்.

"நீங்கள் கோபமெண்டு நம்பிட்டனே, அம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.