ஒன்றுபோல் இரண்டு பிஸ்டல்

தன் குறி தப்புவதற்குச் சுடுதல் கழகத்தின் பழைய பிஸ்டல்தான் காரணம் என்று வினோஜா முடிவு கட்டியிருந்தாள். கையில் பிழை இருக்கும் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? நோர்வேயின் பேர்கன் நகரில் நடக்கும் போட்டிக்குப் போகும் அணியில் ஒரேயொரு இடம்தான் மிச்சம். அது யாருக்கு என்பதைப் பயிற்சியாளர் ஹில்டே இன்று மாலை சொல்லிவிடுவாள்.

சொந்தமாக வாங்கவென்று இரண்டைத் தெரிவு செய்திருந்தாள். ஒன்று இத்தாலி, மற்றது ஜெர்மனி. இரண்டும் சிறிய தோட்டா போடும் அரைத்தானியங்கிகள், பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள். யூடியூப்பில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் ஹில்டே உறுப்பினர்களிடம் இரண்டையும் இரவல் வாங்கி, இன்று மாலையே ட்வெய்ட்டாவில் இருந்த நிலவறைச் சுடுகளத்துக்கு வரச் சொன்னாள்.

அம்மா ஜெயகுமாரியும் கூட வந்தார். துவக்கு என்றாலே முகம் சுண்டிப்போகிறவர், "பொலிசிட்டை அனுமதி கேக்க முதல் நான் ஒருக்காப் பாக்கவேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு ஹில்டே இரண்டையும் கொடுத்தாள். வினோஜா கைக்கு ஒன்றாகப் பிடித்து இலக்கை நோக்கி நீட்டினாள். வலக்கையில் இருந்த இத்தாலி நடுங்கியது. இடக்கையில் ஜெர்மனி ஆடாமல் அசையாமல் நின்றது.

"ஜெர்மன்தான் அம்மா. சந்தேகமே இல்லை."

"மாத்திப் பிடிச்சுப் பார், பிள்ளை. சீலைக்கடையிலை ரெண்டு தோளிலையும் மாத்தி மாத்திப் போட்டுத்தானே எடுக்கிறனாங்கள்."

மாற்றினாள். இப்போது ஜெர்மனி நடுங்கியது, இத்தாலி ஆடவில்லை.

"இல்லை, இத்தாலிதான்" என்றாள் வினோஜா, கொஞ்சமும் கூசாமல்.

ஹில்டே விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ பந்தை எந்தக் கையால் எறிவாய்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இடக்கையால்."

"பிறகு ஏன் முதல் நாளே வலக்கையால் பிடித்தாய்?"

"நீதான் பிஸ்டலை நீட்டினாய். ஆசிரியர் தருவதை இடக்கையால் வாங்குவது எங்களுக்கு மரியாதை இல்லை."

வாங்கிய கையிலேயே அது தங்கிவிட்டது. ஹில்டேயும் அவளை வலக்கைக்காரி என்று எண்ணிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பாவப்பட்ட கை, தனக்குத் தெரியாத வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஜெயகுமாரிக்கு நோர்வேஜியம் நன்றாகவே விளங்கும். அவர் முகம் வாடியது. "நான்தான் பிள்ளை. சின்னனிலை நீ இடக்கையை நீட்டேக்கை எல்லாம் தட்டித் தட்டி மடக்கினனான்."

"பரவாயில்லை அம்மா" என்றாள் வினோஜா. உண்மையிலேயே அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

காதுக்கவசங்களை மாட்டிக்கொண்டார்கள். இடக்கையால் சுட்டாள். முதல் தோட்டாவே கறுப்பு வட்டத்தின் நடுவில் துளைத்தது. ஹில்டே நம்பாமல் இலக்கு அட்டையை மாற்றினாள், பிறகும் மாற்றினாள். பிஸ்டலையும் மாற்றிக் கொடுத்தாள். எந்த அட்டையிலும் கறுப்புக்கு வெளியே துளை விழவில்லை.

"பேர்கன் இடம் உனக்குத்தான்" என்றாள் ஹில்டே. "இடக்கைக்காரருக்கான கைப்பிடி இத்தாலிப் பிஸ்டலுக்குத்தான் உண்டு. அதற்கே அனுமதி கேள்."

வினோஜா பிஸ்டலை மேசையில் வைத்தாள். அணியின் சிவப்புச் சட்டையை ஹில்டே நீட்டினாள். வாங்கப்போன வினோஜாவுக்குப் பழக்கத்தில் வலக்கைதான் எழுந்தது.

ஜெயகுமாரி அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"மற்றக் கையாலை வாங்கு, பிள்ளை. அதுதானே இடத்தை வெண்டது."