அந்த வருடத்தின் முதல் வரி

எங்கள் கடையில் வருடங்களை விற்கிறோம். சிரிக்காதீர்கள், பெயர்ப் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிறந்த வருடத்தைச் சொன்னால் போதும். அந்த வருடம் உலகத்தில் நடந்த பெரிய சங்கதிகளையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்து ஃப்ரேம் போட்டுக் கொடுப்போம். விண்ணுக்குப் போன கலம், கோப்பை வென்ற அணி, ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு எல்லாம் மேலே வரும். கீழே கறுப்புப் பட்டையில் 'மறைந்தவர்கள்'. விவரம் சேகரிப்பது நான், அச்சடிப்பது என் வீட்டுக்காரர். கத்துவதும் நான்தான்.

பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் மகளுக்கென்று கேட்டு வந்தார். பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகிறதாம். மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் விரல் நேராகக் கறுப்புப் பட்டையில் போய் நின்றது.

"இது மட்டும் வேணாம்மா."

"அது இல்லாம எப்படிங்க? எல்லாத்துலயும் வருமே."

"அவ பொறந்த அன்னிக்கே அவங்கம்மா போயிட்டா. அந்த வருஷத்தப் பத்தி வீட்ல நாங்க வாயத் திறக்கறதே இல்ல. தன்னாலதான் அம்மா செத்தாங்கன்னு புள்ள மனசுல இருக்கு. சின்னதுல ஒரு தடவ கேட்டா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அப்புறம் அவ கேக்கல." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த வருஷத்துல நல்லதும் நடந்துச்சுன்னு அவ பாக்கணும். அவ்ளோதாம்மா."

மாதிரியை எடுத்து உள்ளே வைத்தேன். "சரிங்க, சனிக்கிழம வாங்க" என்றேன்.

அந்த வருடத்துக்காக நான் மெனக்கெட்டதுபோல எதற்கும் மெனக்கெட்டதில்லை. வெள்ளம், பூகம்பம் எல்லாவற்றையும் தூக்கிக் கடாசினேன். பட்டை இருந்த இடத்தில் ஒரு நெடும்பாலம் திறந்த நாளில் சனங்கள் சிரித்துக்கொண்டே நடந்துபோகிற படத்தை வைத்தேன்.

சனிக்கிழமை பார்த்தா பல் வலிக்க வேண்டும்? மருத்துவரிடம் போய், வீங்கிய கன்னத்தோடு கடைக்குத் திரும்பினால், ஓட்டுநர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். கணினித் திரையைப் பார்த்தேன். பழைய ஃபைல் திறந்து கிடந்தது, கறுப்புப் பட்டையோடு.

"அட பாவி மனுஷா! எத அடிச்சுக் குடுத்தீங்க?"

"எப்பவும் அடிக்கிறததான்."

"புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிருந்தேனே!"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. கை பழக்கத்துல அதத் திறந்துடுச்சு."

"உங்க கைய உடைக்க!"

சரியானதை அச்சடிக்க வைத்து, சுருட்டிக்கொண்டு ஓடினேன். ரசீதில் முகவரி இருந்தது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் ஓட்டுநர் வீடு. கதவு திறந்திருந்தது. நாற்காலியில் சாய்த்து வைத்த ஃப்ரேமின் முன்னால் பெண் மண்டியிட்டிருந்தாள். அப்பா சுவரோரமாக, தண்டனை வாங்கின பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"அது தப்பான தாளும்மா. குடு, மாத்தித் தந்துடறேன்."

அவள் திரும்பவில்லை. விரல் கறுப்புப் பட்டையின் மேல் பெயர் பெயராக நகர்ந்தது. ஒரு நடிகர், ஒரு விஞ்ஞானி, ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனை.

"இதுல எங்கம்மா இல்லயே" என்றாள்.

"அது வந்து... பெரிய பெரிய ஆளுங்கள மட்டும்தாம்மா..." வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வாய் குழறியது.

"தெரியும்க்கா." எழுந்து வந்து என் கையிலிருந்த சுருளை வாங்கிப் பிரித்தாள். பட்டை இல்லாததைக் கவனித்துவிட்டாள். "நீதான் எடுக்கச் சொன்னியாப்பா?"

"நீ நல்லத மட்டும் பாக்கணும்னுதாம்மா..."

"அப்ப எங்கம்மா நல்லதுல சேத்தியில்லயா?"

அவர் தலை தொங்கிவிட்டது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கீழ வேணாம்க்கா. மேல போட்டுக் குடுங்க. முதல் வரியா."

"என்னன்னும்மா போடறது?"

"அவங்க ஒரு அம்மா ஆனாங்கன்னு. அதுவும் அந்த வருஷந்தானப்பா நடந்துச்சு?"

ஓட்டுநர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. "ஆமாடா தங்கம். கையில வாங்கினா. உன் மூக்கத் தொட்டுப் பாத்து, உங்கள மாதிரியே இருக்குங்கன்னு சிரிச்சா. அதுக்கப்புறம்தான்..."

"என்னைப் பாத்தாங்களா?"

"பாத்தாடா."

"சிரிச்சாங்களா? இத நீ சொல்லவே இல்லயேப்பா!" அவரது சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் உடைந்தாள். நான் வாசலுக்கு வந்து, பல்வலிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

சாயங்காலம் மூவரும் கடைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் இயந்திரத்தை விட்டுத் தள்ளி நின்றார்.

"தாயே, எந்த ஃபைலுன்னு நீயே திறந்து குடுத்துடு."

அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். மகள் சொல்ல வாயெடுத்தாள், அப்பா கையமர்த்தினார். ஒவ்வோர் எழுத்தாக அவரே சொன்னார், நான் தட்டினேன். விண்கலம் இரண்டாம் வரிக்கு இறங்கியது.