இருட்டார் கேட்ட அவகாசம்

மகள் வருவதாக முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்தவள் வீட்டுக்கும் போகவில்லை. தோளில் பயணப்பையோடு நேராக ஆய்வு நிலையத்தின் மாடியேறி அப்பாவின் அறைக்கதவைத் தட்டினாள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று.

"என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம? அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. முதல்ல உங்ககிட்டதான் பேசணும். கதவைச் சாத்திக்கட்டுமா?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் வாளியை விட்டுவிட்டு எழுந்தார். அவளுக்கு உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்தார்.

நிலையத்தில் எல்லோரும் அவரை இருட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேரேயும். "வெளிச்சத்தைப் பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க, இருட்டைப் பாக்க நான் ஒருத்தன் போதும்" என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் அவர் அடித்த ஜோக் அவருக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் தேடியது கருந்துளைகளை. அதிலும் வாய் திறக்காத கருந்துளைகளை. பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துத் தின்னும் கருந்துளையைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. விழுகிற வாயு சூடேறி எக்ஸ் கதிர்களாகக் கொட்டி, தின்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். எதையும் தின்னாமல் சும்மா கிடக்கும் கருந்துளையை என்ன செய்வது? அதிலிருந்து ஒளி வராது, கதிர் வராது. அதனிடம் மாட்டிக்கொண்ட விண்மீனைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அந்த விண்மீன் கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிச் சுற்றி வரும். நம் பக்கமாக வரும்போது அதன் ஒளியைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில், அதாவது நிறமாலையில், உள்ள கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும். விலகிப் போகும்போது சிவப்பின் பக்கம் நகரும். அந்த ஆட்டத்தை அளந்தால், ஆட்டிவைக்கிறது எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அப்படி ஒரே ஒரு விண்மீனை அவர் வருஷக்கணக்கில் விடாமல் பார்த்தார். கல்யாண வீடுகளுக்கு மனைவியைத் தனியாக அனுப்பிவிட்டுப் பார்த்தார். காய்ச்சலோடு பார்த்தார். கடைசியில் கணக்கு வந்தது. அந்த விண்மீனைச் சுற்றவைப்பது பல சூரியன்களின் எடை. ஆனால் அந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு எடை இருந்தும் கண்ணில் படாது என்றால் அது கருந்துளையைத் தவிர வேறென்ன? அதுவும் நமக்கு இவ்வளவு கிட்டத்தில்!

அதற்குப் பிறகு அவர் காட்டில் மழைதான். நிலையத்தின் நுழைவாயிலில் அந்த விண்மீனின் பெரிய படம் ஏறியது. அதைக் காட்டியே நிலையத்துக்குப் புதிய நிறமாலைக் கருவி ஒன்று வாங்க அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்த அவர் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச ஓட்டை எப்படி இருக்கு?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். "அவரோட சட்டைப் பையிலதான் இருக்கு. உள்ளே போனது எதுவும் திரும்பி வர்றதில்லை" என்பாள் அவள். மகள் அப்போது பள்ளியில் படித்தாள். மருத்துவம் படிப்பதாக இருந்தவள் மனசை மாற்றிக்கொண்டு வானியலுக்கு வந்ததும் அந்த விண்மீனால்தான்.

இப்போது அவள் தொலைவில் வேறொரு நிலையத்தில், ஒப்பந்தப் பதவியில் இருந்தாள். தள்ளித் தள்ளி நிற்கும் பல தொலைநோக்கிகள் வாங்கும் ஒளியை ஒன்றாகச் சேர்த்து, ஒற்றைப் புள்ளியாகத் தெரிவதைப் பிரித்துப் பார்க்கும் வேலை.

கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் நெருங்கி நின்றன.

"இது என்ன?"

"உங்க விண்மீன்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"பின்னாடி எங்கேயோ இருக்கிற வேற விண்மீனா இருக்கும். நேர்க்கோட்டுல வந்தா பக்கத்துல இருக்கிற மாதிரிதானே தெரியும்."

"நாங்களும் அப்படித்தான்பா நினைச்சோம். கொஞ்ச வாரம் கழிச்சுத் திரும்பவும் பாத்தோம்." அடுத்த படத்தைக் காட்டினாள். புள்ளிகள் இடம் மாறியிருந்தன. "ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது. நீங்க கருந்துளைன்னு சொன்ன இடத்துல இன்னொரு விண்மீன் இருக்கு."

"அப்போ நான் அளந்த ஆட்டம்?"

"அதுல ஒரு குறையும் இல்லை. விண்மீனோட எடையிலதான் ஏமாந்துட்டோம். பளபளன்னு இருந்ததால கனமானதுன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டோம். அது தோலுரிஞ்ச விண்மீன்பா. மேல இருந்ததையெல்லாம் பக்கத்துல இருக்கிற விண்மீன் உருவிக்கிச்சு. மிச்சம் உப்பிப்போய் நிக்குது, அவ்வளவுதான். அவ்வளவு லேசானதை ஆட்டிவைக்க கருந்துளை தேவையே இல்லை."

"வெளிச்சமான விண்மீன் அங்க இருந்தா என் ஸ்பெக்ட்ரத்துல தெரிஞ்சிருக்காதா?"

"அது பம்பரமாச் சுத்துது. அந்த வேகத்துல அதோட கோடெல்லாம் அகலமாக் கலைஞ்சுபோகுது. பாத்தா கோடு மாதிரியே தெரியாது."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் புதிய கருவியின் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கட்டுரையாக எழுதுகிறவர் யார் என்று கேட்டார். நான்தான் முதல் பெயர் என்றாள் மகள். அவளுடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, இந்தக் கட்டுரை வந்தால்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடும்மா. என் ஸ்பெக்ட்ரத்தை நானே பிரிச்சுப் பாக்குறேன். நான் சொன்னது தப்புன்னு நானே முதல்ல சொல்லிட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும். பெத்த பொண்ணு வந்து சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு…"

அப்பா தன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. தானே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறவர்.

"எங்க குழுவை நடத்துற மேடம் அவசரப்படுறாங்கப்பா. வேற குழுக்களும் இதையே பாக்குறாங்கன்னு பேச்சு."

"கொஞ்ச நாள்தாம்மா."

"சரி. ஒரு தடவை சரிபார்க்கணும்னு சொல்லி வைக்கிறேன். நீங்க முடிச்சதும் உடனே சொல்லுங்க."

அவள் ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே அவர் முடித்துவிட்டார். பழைய நிறமாலைகளையெல்லாம் எடுத்து, ஆடுகிற விண்மீனின் பங்கைக் கணினியில் கழித்துப் பார்த்தார். மிச்சத்தில் ஒன்றுமிருக்காது என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தார். மிச்சத்தில் அகலமாக, மங்கலாக, எதிர்ப்பக்கம் மெல்ல ஆடிக்கொண்டு அந்த இன்னொரு விண்மீன் இருந்தது. ஒவ்வொரு பதிவிலும் இருந்தது. அவர் பார்த்த முதல் நிறமாலையிலும் இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டிருக்கலாம். ஃபோனைக் கையில் எடுக்கவும் செய்தார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இருட்டார், கருவியோட திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர்றாரு. நீங்கதான் பேசணும். நம்ம கருந்துளையைப் பத்தி நல்லா, எல்லாருக்கும் புரியற மாதிரி."

சரி என்று தலையாட்டினார். விழா முடியட்டும், அடுத்த நாளே சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விழாவை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தரவு வேண்டும் என்றார். பிறகு, மேகமாக இருக்கிறது, பார்க்கவே முடியவில்லை என்றார். அப்படிச் சொன்னபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, மேகம் எங்க இருக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. அவள் மறுபடியும் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

விழாவில் நன்றாகப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒவ்வொரு வாக்கியத்திலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. நாக்கு மட்டும் பழக்கத்தில் தானாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிடலாம் என்றிருந்தார். அசதியாக இருந்தது. படுத்துவிட்டார்.

வேறொரு குழு அதைக் கண்டுபிடித்து வெளியிட்ட செய்தியை மறுநாள் காலையில் இயக்குநர்தான் ஃபோனில் சொன்னார். அதே இரண்டு புள்ளிகள். அதே தோலுரிந்த விண்மீன். மகளின் பெயர் அதில் எங்கும் இல்லை.

அவர் மகளைக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்பா. உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"நீ ஊருக்குப் போன அடுத்த வாரமே."

அந்தப் பக்கம் பேருந்துகள் போகும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும். அவள் அழுகிறாளா என்று காதை அழுத்திக் கேட்டார். அழவில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பு துண்டானது.

தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக்கொடுத்தார். நிலையத்தில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. "அறிவியல்ல இதெல்லாம் சகஜம், நீங்க அளந்தது சரிதானே" என்று தோளைத் தட்டினார்கள். யாராவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. நுழைவாயிலிலிருந்த படத்தை ஒரு விடுமுறை நாளில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் பார்த்தபோது சுவரில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. மகளின் மேடத்துக்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்: தாமதத்துக்கு அவள் காரணமில்லை, நான்தான், என்று. அந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். வருத்தப்படுவதாகச் சொன்னார். ஆனால் இரண்டாவதாக வந்த முடிவை வைத்துப் பதவியை நீட்டிக்கக் கேட்க முடியாது என்றார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டே சரிபார்ப்பதாகச் சொன்னவளை இனி எப்படி நம்புவது என்றும் அந்த அம்மாள் கேட்டார்.

ஒப்பந்தம் முடிந்தது. மகள் அதே ஊரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எந்த வீட்டில் எப்போது வெள்ளம் வரும் என்று கணக்குப் போடும் வேலையில் சேர்ந்தாள்.

அவளைப் பார்க்க அவர் ரயிலேறிப் போனார். காலை நேரம். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தேநீர் போட்டுக்கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அலமாரியில் வானியல் புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"நம்ம நிலையத்துல ஒரு இடம் காலியாகுது. நான் இயக்குநர்கிட்ட பேசுறேன்."

"வேண்டாம்பா."

"நீ படிச்ச படிப்பு, உன் திறமை எல்லாம் வீணாப் போறதுக்கா…"

"நீங்க பேசி எனக்கு வேலை வாங்கித் தந்தா, அது அதைவிட வீண்." ஷூவின் நாடாவைக் குனிந்து கட்டினாள்.

"என்மேல உனக்கு இருக்கிற கோவம் நியாயம்தாம்மா. திட்டு. மனசுல இருக்கிறதைக் கொட்டிடு."

"கோவமெல்லாம் இல்லப்பா. இருந்திருந்தா எப்பவோ வந்து சண்டை போட்டிருப்பேன்." நிமிர்ந்தவள் அவரைப் பார்க்கவில்லை, சாவியைத் தேடினாள். "மேகமா இருக்குன்னு சொன்னீங்க. எங்க மேடம் தினமும் கேப்பாங்க. எங்கப்பா ஊர்ல மேகமா இருக்கு மேடம்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதை நினைச்சாத்தான் என்னவோ மாதிரி இருக்கு."

தேநீர் ஆறி ஏடு படிந்திருந்தது. அவர் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கதவைப் பூட்ட வேண்டியிருந்ததால் அவரும் அவளோடு கீழே இறங்கினார். தெருமுனையில் அவள் இடதுபக்கம் போனாள். ரயில் நிலையம் வலதுபக்கம்.

இப்போதும் அவர் தினமும் நிலையத்துக்குப் போகிறார். புதிய கருவி அருமையாக வேலை செய்கிறது. அதில் வரும் நிறமாலைகளில் வேகமாக ஆடும் விண்மீன் ஏதாவது தட்டுப்பட்டால் இளையவர்கள் பரபரப்போடு அவரிடம் ஓடி வருகிறார்கள். கோடுகளின் நகர்வைப் பார்க்கிறார். கணக்கும் ஒழுங்காகப் போட்டுக்கொடுக்கிறார். இது கருந்துளைதானா சார் என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா" என்கிறார். அடக்கத்தில் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவருக்கு எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வருவதில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசையும் விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அம்மாவுக்கு ஃபோன் செய்கிறாள். போன வாரமும் செய்தாள். சளி விடவில்லை என்றாள் போலிருக்கிறது. மனைவி மருந்தின் பெயரையும் அளவையும் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை.

"அப்பா இங்கதான் இருக்காரு. பேசறியா?"

ஃபோனிலிருந்து வந்த குரல் சின்னதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"வேண்டாம்மா. அவருக்கு வேலை இருக்கும், விடு."

மனைவி ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து, பேசியபடியே சமையலறைக்குள் போனாள்.